இன்னொரு தொட்டி

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனத்தில் இப்போது வியாபார வளர்ச்சிப் பிரிவைக் கவனிப்பவள், பெயர் நிவேதா. நிறுவனம் கைமாறி, அலுவலகம் தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போய், கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்துவிட்டன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் வந்து அரைமணி நேரம் பேச வேண்டுமாம். போனேன். திரையில் ஒரு படம் போட்டாள். வருடா வருடம் எங்கள் விற்பனை எப்படி இருந்தது என்று காட்டும் கோடு. நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்த கோடு ஒரே ஒரு வருடத்தில் மட்டும் செங்குத்தாக ஏறியிருந்தது.

"இந்த வருஷம் மட்டும் என்ன ஸ்ட்ராட்டஜி மேடம்? அதைச் சொன்னாலே போதும்" என்றாள்.

நான் மழுப்பினேன். உழைப்பு, நம்பிக்கை, வாடிக்கையாளர் உறவு என்று மேடையில் எல்லாரும் அவிழ்த்துவிடும் மூட்டையை நானும் அவிழ்த்துவிட்டேன். கை தட்டினார்கள், பிரியாணி போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம். பாத்திரத்தை எல்லாம் டொம்மென்று வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்பாவுக்குக் கொஞ்சம் மரவள்ளிக் காடு இருந்தது. நான் வேதியியல் படித்துவிட்டு, டைப் அடிக்கும் வேலைக்குத்தான் அந்த ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆலைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு முதலான விஷயங்களில் யோசனை சொல்லி, திட்டம் போட்டுக் கொடுத்து, கட்டி முடிக்கும்வரை கூட இருப்பது நிறுவனத்தின் தொழில். விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்கு ஓடிவிட்டான். முதலாளி சம்பத் சார் என் மேசைமேல் மொபெட் சாவியை வைத்தார்.

"ஓட்டத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க சார்."

"கத்துக்கோ. விக்கறதும் அப்பிடித்தான்."

எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான். மொபெட்டில் இரண்டு முறை விழுந்தேன், விற்பனையில் கணக்கில்லாமல் விழுந்தேன். பருத்திச் சேலையும் கழுத்தில் சிலுவைச் சங்கிலியுமாக ஒரு பொம்பளை மில்லுக்குள் நுழைந்தால், எங்கள் பக்கத்தில் அவள் கான்வென்ட் டீச்சராகத்தான் இருக்க முடியும். "நன்கொடைங்களா டீச்சர்?" என்று கல்லாப்பெட்டியைத் திறந்த முதலாளிகள் உண்டு. இல்லை, விற்க வந்திருக்கிறேன் என்றால் முகம் சுருங்கிவிடும். டீச்சர் என்ற பேர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாதி சேகோ மில்லுக்காரர்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகள். அவர்களுக்கு மோட்டார் விற்கலாம், சிமெண்ட் விற்கலாம். யோசனையை விற்பது இருக்கிறதே, அது காற்றைப் பொட்டலம் கட்டி விற்பது மாதிரி. "கல்லு குடுத்தீங்கன்னா காசு குடுக்கலாம், கம்பி குடுத்தீங்கன்னா காசு குடுக்கலாம். பேச்சுக்கு எதுக்குங்க காசு?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். அவர் கேட்டதில் கள்ளம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தால் ஊரில் யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லுவார்கள் என்பது அவர் அனுபவம்.

சம்பத் சார் இந்தச் சுவரை உடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பேச்சில் அவசரமே இருக்காது. அரசாங்க இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். மில்லுக்குப் போனால் ஆபீஸ் அறைப் பக்கமே திரும்ப மாட்டார். வாட்ச்மேனிடம் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, நேராக மில்லின் பின்பக்கம், கழிவுநீர் வெளியேறும் வாய்க்காலுக்குப் போய் நிற்பார். சேகோ கழிவு நாறும் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அவர் மூக்கைப் பிடிக்க மாட்டார். குனிந்து தண்ணீரைப் பார்ப்பார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மறுபடி பார்ப்பார். பத்து நிமிஷத்தில் முதலாளியே, யாரோ வெள்ளைச் சட்டைக்காரர் வாய்க்காலைப் பார்க்கிறாராமே என்று செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடி வருவார்.

"நாம அவரத் தேடிப் போனா நாம யாவாரிம்மா. அவரு நம்மளத் தேடி வந்தா நாம டாக்டரு" என்று எனக்குச் சொல்லுவார்.

டாக்டர் என்றால் சும்மா இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு மில்லுக்காரரிடம் டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். எத்தனை ஆழம், எவ்வளவு சரிவு, எங்கே குழாய், எல்லாம். அடுத்த மாதம் அந்த ஆள் ஊர்க் கொத்தனாரை வைத்து அதையே கட்டிக்கொண்டு, சாரைத் திறப்பு விழாவுக்கும் கூப்பிட்டார். மாலை வேறு போட்டார். அன்றைக்கு வந்தது சாருக்குப் புத்தி.

"நோயைச் சொல்லு. மருந்தச் சொல்லாத" என்பது அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸ் வேதம். "தண்ணி இப்பிடியே போனா மில்லுக்குப் பூட்டுதான்னு சொல்லு. எப்பிடிப் பூட்டு விழாமப் பாத்துக்கறதுன்னு சொல்லாத. அதத்தானம்மா நாம விக்கறோம்."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. யோசனை விற்பவர்கள் யோசனையை இலவசமாகக் கொடுத்தால் எங்களுக்கு யார் சோறு போடுவது? நானும் தேறிவிட்டேன். "பாக்கலாங்க" என்றால் வேண்டாம், "ஆவட்டுங்க" என்றால் காதில் விழுந்தது, "எப்ப வருவீங்க?" என்றால்தான் வியாபாரம். "பாக்கலாங்க" சொன்னவரிடம் மூன்றாம் தடவை போகக் கூடாது என்பதும் சாரின் விதி.

ஆலைக் கழிவுநீர் ஊர்க் கிணறுகளில் கலந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வர ஆரம்பித்தபோது, சார் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். சுற்றிலும் மூடிய பெரிய கான்கிரீட் தொட்டி. கழிவுநீரை அதற்குள் விட்டால் கிருமிகள் அதைத் தின்று எரிவாயுவாக மாற்றும். ஜவ்வரிசி வறுக்கும் அடுப்புக்கு அதையே எரிக்கலாம். விறகு மிச்சம், நாற்றம் குறைவு, தண்ணீரும் ஓரளவு தெளியும். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு மில்லுக்காரரும் மசியவில்லை. அதன் ஆங்கிலப் பேரைக் கேட்டதுமே மிரண்டார்கள்.

கடத்தூர்ப் பக்கம் ராஜமாணிக்கம் என்று ஒரு மில் முதலாளி. நாங்கள் ஒரு மணி நேரம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரே வாயில நுழையலீங்க. ராக்கெட் வுடற சமாச்சாரமாட்டம் இருக்குது. நம்ம ஆளுங்களுக்கு இது ஒத்து வராதுங்க" என்றார்.

சம்பத் சார் எழுந்து அவரை மில்லுக்குள் கூட்டிக்கொண்டு போனார். சேகோ மில் என்றாலே தொட்டிகள்தான். அரைத்த கிழங்கின் பால் தொட்டி தொட்டியாக நிற்கும். மாவு அடியில் படியும். ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு இறங்கி, படிந்த மாவை வெட்டி எடுப்பார்கள். அந்த வரிசையைச் சார் கையால் காட்டினார்.

"இத்தன தொட்டி இருக்குதுங்களே, இதோட இன்னொரு தொட்டிங்க. மூடி போட்ட தொட்டி. அவ்வளவுதான்."

ராஜமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுக்குத்தானா இத்தன நேரம் சுத்தி வளச்சீங்க? எப்ப வருவீங்க?"

அதற்குப் பிறகு மில்லுக்கு மில் அதே வாக்கியம்தான். நானும் சொன்னேன், நோட்டீஸிலும் அடித்தோம். 'இன்னொரு தொட்டி'. பயம் போய்விட்டது. இரண்டு வருடத்துக்குள் பத்துப் பன்னிரண்டு மில்களில் அந்த மூடிய தொட்டி எழும்பிவிட்டது.

எங்களில் ஒருவரும் யோசிக்காதது ஒன்று உண்டு. சேகோ மில்லில் தொட்டி என்பது வெறும் தொட்டி இல்லை, அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கிழங்கு வரத்து நின்று சீசன் முடியும்போது எல்லாத் தொட்டிகளையும் அடிவரை சுரண்டிக் கழுவி வைப்பார்கள். வழிப்பு என்று அதற்குப் பேர். வழித்தவர்களுக்குத்தான் அடியில் இருக்கும் கசடு சொந்தம். முதலாளி அதில் கை வைக்க மாட்டார். மாட்டுக்கு ஆகும், காட்டுக்கு எருவாகும். மலையிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு ஊர் திரும்பும்போது கொண்டுபோகிற பண்டிகைச் சீர் மாதிரி அது. வழிப்பு நாளில் கூச்சலும் கேலியுமாக இருக்கும். நாங்கள் இன்னொரு தொட்டி என்றோம். அவர்கள் அதை இன்னொரு தொட்டியாகவே எடுத்துக்கொண்டார்கள். அதன் அடியில் இருக்கும் கறுப்புச் சேறு எருவுக்கு அருமையாக இருக்கும் என்று யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மூடிய தொட்டியின் அடியில் வழிக்கும் அளவுக்குச் சேறு சேர்ந்ததும், ராஜமாணிக்கம் மில்லில்தான் அதற்கு முதல் வழிப்பு. சித்தேரியிலிருந்து வந்த வெள்ளையன் என்பவர் மூடியைத் திறந்து ஏணி போட்டு இறங்கினார். இறங்கியவர் சத்தமே போடவில்லை. வழுக்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து அவருடைய மச்சான் சின்னராசு தூக்கிவிட இறங்கினார். அவரும் சத்தம் போடவில்லை.

நானும் சாரும் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் வந்திருந்தது. தீயணைப்புக்காரர்கள் இருவரையும் மேலே கொண்டுவந்து, ஜவ்வரிசி காயப்போடும் களத்தில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளைக் களத்தில் கறுப்புச் சேற்றோடு இரண்டு பேர். மூடியின்மேல் நாங்கள் ஒரு எச்சரிக்கைப் பலகை மாட்டியிருந்தோம். மாட்ட வேண்டும் என்று விதி இருந்தது, மாட்டினோம். ஆங்கிலத்தில். அதன் ஆணியில் யாரோ சட்டையைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். வெள்ளையனுடைய சட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

ராஜமாணிக்கம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாரைப் பார்த்ததும் கோபப்படவில்லை. "தொட்டின்னுதானுங்களே சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸில் வக்கீல் வந்து போனார். அவர் போனதும் சார் என்னைக் கூப்பிட்டார். "வடிவமைப்புல தப்பு இல்லம்மா. போர்டும் இருக்குது. நாமளா வாயத் தொறந்தா, நம்ம தொட்டியாலதான் செத்தாங்கன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். கேஸ் முடியற வரைக்கும் யாருகிட்டயும் எதுவும் பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்றாரு."

"மத்த மில்லுங்கள்லயும் இந்த வாரந்தானுங்க சார் வழிப்பு."

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிஷம் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. எத்தனை வருஷம் அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் மொபெட்டை ஓட்டியிருக்கிறேன்.

"நான் போறேன் சார்."

"லீவு எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்றார் கடைசியில். "லீவுல நீ எங்க போறேன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. எப்பிடி ஏதுன்னு விளக்கிட்டு இருக்காத. நாள பின்ன, தெரிஞ்சும் சொல்லாம வுட்டீங்களான்னு கோர்ட்டுல அதையே நம்ம மேல திருப்புவாங்க. எறங்காதீங்கன்னு மட்டும் சொல்லு."

கோழைத்தனமா, கரிசனமா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்தானே.

போனேன். முதல் மில்லில் சார் சொன்னதை மீறி விளக்கத்தான் பார்த்தேன். "உள்ள கேஸ் இருக்குது, எறங்காதீங்க" என்றேன். களத்தில் இருந்த ஒரு அம்மா, "கேஸுன்னா வாசம் வருமுங்களே டீச்சர்? இந்த மில்லுல வருஷம் பூரா இதே வாசந்தானுங்க. நாங்க செத்தா போயிட்டோம்?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கடத்தூர் விஷயம் அவர்கள் காதுக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்திருந்தது. அந்த ஆட்கள் குடித்துவிட்டு இறங்கினார்களாம். அந்த மில்லில் சீசன் பூஜைக்குக் கிடா வெட்டவில்லையாம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "அது தொட்டி இல்ல, சவக்குழி! எறங்குனா சாவுதான். எறங்கறவன் பொண்டாட்டி தாலிய இங்கயே வெச்சுட்டுப் போவட்டும்" என்று கத்தினேன்.

சிரித்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணியைப் பிடித்திருந்த ஆள் அதைக் கீழே போட்டான். முதலாளிக்குத்தான் ஆத்திரம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மில்லுக்குள்ள வந்து சவம் கிவம்ங்கறீங்க. நீங்கதானுங்களே வித்தீங்க?" என்று எகிறினார். எகிறட்டும். வார்த்தை வேலை செய்துவிட்டது. பிழைப்பு முழுக்க வார்த்தை விற்றவளுக்கு எது விலைபோகும் என்று தெரியாதா? அடுத்த மில்லிலும் அதையே சொன்னேன், அதற்கடுத்ததிலும். ஒரு மில்லில் தார் டப்பாவை வாங்கி மூடியின்மேல் நானே 'சவக்குழி' என்று எழுதினேன். ஒருவரும் இறங்கவில்லை.

வத்தல்மலை அடிவாரத்து மில்லுக்குக் கடைசியாகத்தான் போக முடிந்தது. அதன் முதலாளி குமரவேல் போனை எடுக்கவே இல்லை. மேஸ்திரி தீர்த்தனை எனக்கு நன்றாகத் தெரியும். மலைமேல் ஊர்க்காரர். அவர் மனைவி சின்னப்பொண்ணு அங்கேயே களத்தில் ஜவ்வரிசி துழாவும் வேலை பார்த்தாள். நான் எப்போது போனாலும் மிரட்டி டீ குடிக்க வைப்பாள்.

வாசலிலேயே மொபெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்பக்கம் பைப்படியில் நாலைந்து பேர் தொடைவரை அப்பிய கறுப்புச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வழிப்பு முடிந்துவிட்டிருந்தது. அங்கே கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே, அது சவக்குழி, எறங்கக் கூடாது என்று உளறினேன்.

தீர்த்தன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "சவக்குழிக்குள்ள போயி எருவு அள்ளிட்டு வந்துட்டோமுங்க டீச்சர். மொத ஆளா நாந்தான் எறங்குனன். எமன் லீவுல போயிட்டாப்ல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. சின்னப்பொண்ணு டீ கொண்டுவந்து கையில் திணித்தாள். "எங்க டீச்சருக்கு எம்மேல இல்லாத பாசம் இந்த மனுசன் மேல" என்று வேறு கிண்டல். தொட்டியின் இரண்டு மூடிகளும் கழற்றிச் சுவர் ஓரம் போட்டுக் கிடந்தன. ஒன்றில் விரிசல். மாற்றுவதற்குக் கொத்தனார் வராமல் கொஞ்ச நாளாக அப்படியே கிடப்பதாகப் பேச்சுவாக்கில் யாரோ சொன்னார்கள். அந்த மூடியின்மேல் புளியைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்தேன். உயிரோடு இருக்கிறார்களே என்ற நிம்மதியில் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே குமரவேல் மற்ற முதலாளிகளுக்குப் போன் போட்டு, "எங்க ஆளுங்க எறங்கி ஏறிட்டாங்க. அந்த டீச்சரம்மா சும்மா பீதியக் கெளப்புது" என்று சொல்லிவிட்டார்.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். கடத்தூர் செய்தி பேப்பரிலும் டிவியிலும் வந்தது. அதிகாரிகள் மில் மில்லாகச் சோதனைக்குப் போனார்கள். முதலாளிகள் நடுங்கிப்போய் எங்கள் ஆபீஸ் படி ஏறினார்கள். சார் ஒரு பாதுகாப்புத் திட்டம் தயாரித்தார். தமிழில் பலகை, காற்றை ஊதி உள்ளே அனுப்பும் மெஷின், உள்ளே என்ன இருக்கிறது என்று அளந்து காட்டும் கருவி, இடுப்புக் கயிறு, ஆட்களுக்கு ஒருநாள் பயிற்சி. எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்பு. பயிற்சியின் முதல் பாடம், மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் மூச்சு விடக் காற்று இருக்காது என்பது. சேகோ மில்லுக்காரர்கள் மட்டும் இல்லை, மாங்கூழ் ஆலைக்காரர்கள், பால் பதனிடுபவர்கள், அரிசி ஆலைக்காரர்கள் என்று வரிசையில் நின்றார்கள். "பேச்சுக்கு எதுக்குங்க காசு?" என்று கேட்டவரே முன்பணத்தோடு வந்தார்.

"இனிமே நாம விக்க வேண்டியதில்லம்மா. பயமே விக்குது" என்றார் சார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. கடத்தூருக்குப் பிறகு அவர் எந்த மில்லின் பின்பக்கமும் போய் நிற்கவில்லை. ஆபீஸிலேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். ஸ்ட்ராட்டஜி என்று கேட்டாளே அந்தப் பெண், அது இதுதான். இரண்டு பேர் செத்தார்கள், நாங்கள் வளர்ந்தோம்.

குமரவேல் மட்டும் வாங்கவில்லை. இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் "பாக்கலாங்க" என்றார். மூன்றாவதாகப் போகிறேன் என்றபோது சார், "வாங்கறவங்களுக்கே நமக்கு ஆளு பத்தல. வுடும்மா" என்றார். ஆள் பற்றவில்லை என்பது நிஜம்தான். நானும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பயிற்சிகளுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். நல்ல வியாபாரம் நடக்கும்போது வேறு எதற்கும் நேரம் இருப்பதில்லை. ஆங்கிலப் பலகையைக் கழற்றித் தமிழ்ப் பலகை வைப்பதுகூடத் தொகுப்பு வாங்கியவர்களுக்குத்தான்.

அடுத்த வருடம் வழிப்பு சமயத்தில் குமரவேலிடமிருந்து போன் வந்தது. அவர் எனக்கு அதற்கு முன் போன் செய்ததே இல்லை.

தீர்த்தன். வழக்கம்போல் முதல் ஆளாக இறங்கியிருக்கிறார். புது மூடி போட்டு வருஷம் பூராவும் இறுக்கி மூடியிருந்த தொட்டி. அதை அப்போதுதான் திறந்திருக்கிறார்கள். அடுத்த ஆள் இறங்க ஏணியில் கால் வைத்தபோது மற்றவர்கள், "டீச்சர் சொன்ன சவக்குழிடா" என்று அலறி அவனைப் பிடித்து இழுத்துவிட்டார்களாம். அந்த வார்த்தையால் ஒரு உயிர் மிஞ்சியது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்த்தனுக்கு அது உதவவில்லை. சவக்குழிக்குள் போய்விட்டு ஏற்கெனவே திரும்பி வந்த ஆள் அவர்.

காரியம் முடிந்த பிறகு மலைக்குப் பஸ் ஏறினேன். சார் வரவில்லை. வருகிறீர்களா என்று நானும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. கொண்டைஊசி வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏறும்போது, சின்னப்பொண்ணுவிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். அவள் வீட்டை ஒட்டிச் சாமைக் காடு. போன வருடத்து எருவைப் போட்ட துண்டு மட்டும் தனியாகத் தெரிந்தது. அங்கே மட்டும் அறுப்பு முடிந்த தாள் கட்டை தடிமனாக நின்றிருந்தது.

சின்னப்பொண்ணு வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க டீச்சர்" என்று எழுந்து பாய் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து போனார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள் போல. என்னிடம் கேட்பதற்கென்றே ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்த மாதிரி இருந்தது.

"உங்களத்தான் கேக்கணும்னு இருந்தனுங்க. அதே தொட்டி. அதே ஆளு. போன வருசம் எறங்கி ஏறிட்டு வந்து சிரிச்சிட்டு நின்னாருங்களே, நீங்களும் பாத்தீங்க. இந்த வருசம் மட்டும் ஏனுங்க டீச்சர் இப்பிடி? மொதலாளியக் கேட்டா விதிங்கறாரு. எங்க ஊருல கேட்டா சாமி குத்தம்ங்கறாங்க."

எனக்குக் காரணம் தெரியும். அந்த ஒரு வருஷத்தில் ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. சொன்னேன். "போன வருஷம் மூடி ரெண்டும் பல நாளாத் திறந்து கெடந்துச்சு சின்னப்பொண்ணு. வெளிக்காத்து உள்ள போய் வந்துட்டு இருந்துச்சு. இந்த வருஷம் இறுக்கி மூடியே கெடந்துச்சு. அப்பிடி மூடிக் கெடந்தா உள்ள மூச்சு விடக் காத்து இருக்காது. விஷக்காத்துதான் நெறஞ்சு நிக்கும். எறங்குன ஒடனே மயக்கம் போட்டுரும். கத்தக்கூட முடியாது."

அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, நான் சொன்னதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"மூடி வெச்சிருந்தா உள்ள காத்து இருக்காது."

"ஆமாம்மா."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

அவள் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். கோபமாக இல்லை, முந்தானையைச் சரிசெய்ய எடுத்தது போலத்தான் இருந்தது. காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கெணறு வெட்டறவங்களுக்கு நடுவுல பொறந்த ஆளுங்க டீச்சர் அது. காத்து இல்லாத கெணத்துல எங்க ஊருல ஒருத்தரும் எறங்க மாட்டாங்க. நீங்க சாவுன்னு சொன்னீங்க, சவக்குழின்னு சொன்னீங்க. காத்து இல்லேன்னு மட்டும் சொல்லலீங்களே."